பெயர் சொல்லி அழைக்காத மலை

வெள்ளிக்கிழமை, காலை 6.10

கேகாலை பஸ் நிலையத்தில் என் மகள் தர்ஷினியை ஏற்றிவிட்டேன். 2003ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறை. அவளுக்குப் பதினொரு வயது. என்னை விட்டு ஓர் இரவுகூட அவள் தனியாக இருந்ததில்லை. அவள் தலையை அன்றுவரை நான்தான் பின்னிவிட்டேன். அன்று காலையும் இறுக்கிப் பின்னினேன், மூன்று நாளைக்குக் கலையாமல் இருக்கட்டும் என்று.

அழைத்துப் போகிறவர் அவளுடைய பள்ளிக்கூடத்து சுகந்தி டீச்சர். வயது இருபத்தேழுதான். பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கில் பிறந்தவர். கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. விடுமுறை வந்தால் பன்னிரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மூன்று நாள் அங்கே போவார். பிள்ளைகளே சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், மலை ஏற வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது.

"இந்தப் பிள்ளைங்க எல்லாப் பரீட்சையும் பாஸ் பண்ணிருவாங்க. ஆனா கடையில போயி ஒரு ராத்தல் பாண் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா, அம்மா முகத்தப் பாப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தர்ஷினி என் முகத்தைப் பார்த்தாள்.

நிபந்தனை ஒன்றுதான்: மூன்று நாளும் பெற்றோர் யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது. சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போட்டதிலிருந்து, போட்டது சரியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் புறப்படும் முன் டீச்சர் பெயர் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் கூப்பிடவில்லை. "ஆரம்பிங்க" என்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எண்ணைச் சொன்னார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு…" ஒன்பதாவது குரல் என் மகளுடையது. ஜாதகம் பார்த்து, எழுத்துக் கேட்டு, ஆறு பெயரைத் தள்ளி ஏழாவதாக நாங்கள் வைத்த பெயர் தர்ஷினி. அதை ஓர் எண்ணுக்கு மாற்றியது எனக்குப் பிடிக்கவில்லை.

"நம்பர் எதுக்கு டீச்சர்?" என்றேன்.

"மலையில வேணும்" என்றார். பஸ் நகர்ந்துவிட்டது.

சனிக்கிழமை, காலை 7.00

எங்கள் வீடு ரம்புக்கனையில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட. கீழே புடவைக் கடை, மேலே நாங்கள். என் கணவர் சரக்கு எடுக்க விடியற்காலை ரயிலில் கொழும்புக்குப் போயிருந்தார். தர்ஷினியின் படுக்கையை உதறியபோது தலையணைக்கடியிலிருந்து நீல நிற பம்ப் விழுந்தது.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. குளிர் பட்டால் நெஞ்சு கீச்சிடும். அந்த பம்பை இரண்டு தடவை அடித்தால்தான் மூச்சு இறங்கும். டிசம்பர் மாதத்தில், நாலாயிரம் அடி உயரத்தில், பம்ப் இல்லாமல் என் பிள்ளை இருக்கிறாள்.

டீச்சர் தந்திருந்த தோட்ட அலுவலக இலக்கத்துக்கு அடித்தேன். மணி போகவே இல்லை. மே மாத மழையில் அறுந்த கம்பி இன்னும் சரியாகவில்லை என்று தபால் கந்தோரில் சொன்னார்கள். கணவரைப் பிடிக்க வழியில்லை.

கொடுத்த வாக்கை மீறுகிறேன் என்று தெரிந்துதான் கிளம்பினேன். பம்ப் கையில் இருந்ததால் காரணமும் இருந்தது. ஆனால் அது விழுந்தபோது எனக்கு வந்தது பயம் மட்டும்தானா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு சின்ன ஆறுதலும் கூட வந்தது. போவதற்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டதே என்று.

காலை 8.10 முதல் பகல் 1.50 வரை

ரம்புக்கனையிலிருந்து பலாங்கொடைக்கு நேர் பஸ் கிடையாது. நான்கு பஸ் மாற வேண்டும். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கேகாலை பன்னிரண்டு கிலோமீற்றர், அங்கிருந்து ருவன்வெல்லை வழியாக அவிசாவளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், பிறகு இரத்தினபுரி, பிறகு பலாங்கொடை. சப்ரகமுவ மாகாணத்தை ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குக் கடக்கும் பயணம். கேகாலைப் பக்கம் முழுக்க ரப்பர். மரங்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சிரட்டையோடு நிற்கின்றன. பட்டப்பகலிலும் அந்தத் தோட்டங்களுக்குள் அந்தி நேரம்போல இருக்கிறது.

அவிசாவளையிலிருந்து முப்பது ரூபாய் டிக்கெட். பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா, மடியில் வாழைக்கன்றோடு. நான் பம்பைப் பைக்குள்ளிருந்து எடுத்து எடுத்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "நங்கிக்கு மூச்சு முட்டா?" என்று சிங்களத்தில் கேட்டார். நங்கி என்றால் தங்கை. மகளுக்கு என்றேன். மகள் எங்கே என்றார். சொன்னேன். வாழைக்கன்றை ஒரு தடவை சரிசெய்து வைத்துவிட்டு, "அப்படியானால் மூச்சு முட்டுவது நங்கிக்குத்தான்" என்றார்.

இரத்தினபுரிக்குள் நுழையும்போது அவர் என் தோளைத் தட்டிச் சுவர்களைக் காட்டினார். கடைச் சுவர்கள் எல்லாவற்றிலும், பஸ் ஜன்னலின் உயரத்தில், ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு. மே மாத வெள்ளம் நின்ற அளவு. கோட்டுக்கு மேலே விளம்பரங்கள் பளிச்சென்று இருந்தன. கோட்டுக்குக் கீழே எழுத்தே இல்லை. நாங்கள் போனது அந்தத் தண்ணீருக்கு அடியில் என்று ஒரு கணம் தோன்றியது. நகரத்தைத் தாண்டியதும் மலைகளில் சிவப்பு நிறக் கீறல்கள் தெரிந்தன. பச்சை மலையை யாரோ நகத்தால் பிறாண்டியதுபோல. அவை மண் சரிந்த இடங்கள். ஓப்பநாயக்கைவரை ஏழு எண்ணினேன். பிறகு எண்ணாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

பகல் 2.15

தோட்டத்துக்குப் போகும் பஸ் பலாங்கொடைச் சந்தைக்குப் பின்னால் நிற்கிறது. டிக்கெட் பதினெட்டு ரூபாய். சனிக்கிழமைச் சந்தை முடித்த பெண்கள், கருவாட்டு வாசம், ஒரு கோழி. என் சேலையையும் கைப்பையையும் பார்த்த கண்டக்டர் பையன் விடவில்லை.

"அக்கா எதுவரைக்கும்?"

"மேல்கணக்குக்கு."

"மேல்கணக்குக்கா! சம்பந்தம் பேசவா போறீங்க? அங்க மாப்பிள்ள யாருமில்லயே, எல்லாம் கொழும்புல கடையில நிக்கிறானுங்க!"

பெண்கள் சிரித்தார்கள். "ஒன்னயத்தான் கேட்டு வந்திருப்பாங்கடா, மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றாள் ஒருத்தி.

மகளைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"கேகாலப் பிள்ளைங்களா? சுகந்தி கூட்டிட்டு வந்துச்சே, அதுங்களா?" முன் சீட்டுப் பெண் திரும்பினாள். "நேத்து எங்க மலைக்கு வந்து கொழுந்து பறிச்சுச்சுங்க. மரத்தையே மொட்டையடிக்கப் பாத்துச்சுங்க."

"அதுல யாராவது இருமினாங்களா?"

"இருமலா? கத்துன கத்துல அட்டையெல்லாம் ஓடிப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழி கேட்டேன். ஸ்டோருக்கு முன்னால், அதாவது தேயிலை ஆலைக்கு முன்னால், பஸ் திரும்பிவிடும். அங்கிருந்து இரண்டு மைல் நடை. "பீலி வரும், தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கும். பீலியத் தாண்டி சோத்துக்கைப் பக்கம் போங்க. பெரிய ரோட்டுல போகாதீங்க" என்றாள் அவள். இறங்கும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "பனி எறங்கினா நின்னுருங்க. தகரத்தத் தட்டுங்க" என்றாள்.

"எந்தத் தகரம்?" என்று கேட்டேன். பஸ் திரும்பிப் போய்விட்டது.

மாலை 3.50

ஆலை வேலை முடிந்து மூடிக் கிடந்தது. அதன் பின்னால் வழி ஏறுகிறது. அரை மணி நேரத்தில் பீலி வந்தது. பாறையில் சொருகிய மூங்கிலிலிருந்து ஒரு கை தடிமனுக்குத் தண்ணீர். அங்கே வழி இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் தேயிலைக்குள் நுழையும் ஒற்றையடி மண் தடம், அட்டைகளோடு. இடப்பக்கம் கொங்கிரீட் போட்ட அகலமான ரோடு, ஓரத்தில் வெள்ளையடித்த கல்லோடு.

வலப்பக்கம் என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் பன்னிரண்டு பிள்ளைகளை ஒரு டீச்சர் இந்த வழுக்கல் தடத்திலா கூட்டிக்கொண்டு போயிருப்பார்? மேல்கணக்குக்கு ஒரு ரோடு போட்டிருக்கிறார்கள் என்றால் அது மேல்கணக்குக்குப் போகத்தானே செய்யும்? படித்தவள் அல்லவா நான். ரோட்டில் போனேன்.

பத்து நிமிடத்தில் ஒரு லயம் வந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒருவரும் இல்லை. சனிக்கிழமை மாலையில் லயத்தில் ஆளில்லாமல் இருக்குமா? நாய்கூட இல்லை. கதவுகளில் வெள்ளைப் பெயின்றில் எண்கள்: 1, 2, 3. நான்காவது கதவு திறந்திருந்தது. அடுப்பில் சாம்பல் இருந்தது. ஆணியில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தொங்கியது. சுவரில் ஒரு கடைக் கலண்டர். மே மாதம். ஏழு மாதமாக ஒருவரும் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. கலண்டரில் சிரித்துக்கொண்டிருந்த முருகன் முகத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

எட்டாவது கதவுக்கு அப்பால் லயம் இல்லை. கதவு எண் ஒன்பதைத் தேடினேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் உணர்கிறேன். அங்கே வெறும் வெளிச்சம்தான் இருந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தபோது பனி இறங்கியது. ரம்புக்கனையில் பனி என்றால் விடியற்காலையில் தண்டவாளத்தின் மேல் படுத்திருக்கும் ஒரு புகை. ரயில் வந்தால் கலைந்துவிடும். இது அப்படி இல்லை. மேலேயிருந்து வந்து முதலில் நிழல் மரங்களை எடுத்தது, பிறகு தேயிலையை, பிறகு நான் நின்ற ரோட்டை. கையை நீட்டினால் வளையல் தெரிந்தது, விரல் தெரியவில்லை.

அப்போது எங்கோ தகரம் தட்டும் சத்தம் கேட்டது. டக், டக், டக். பிறகு பிள்ளைகளின் குரல்.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு இடத்திலிருந்து வந்தது. ஒன்று தலைக்கு மேலே, ஒன்று காலடியில், ஒன்று என் முதுகுக்குப் பின்னால். சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை. எண்கள் மட்டும். ஏழு. எட்டு.

"ஒம்பது."

என் பிள்ளையின் குரல். இருமல் கலந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. பைக்குள் கையை விட்டு பம்பைப் பிடித்துக்கொண்டு, முழு மூச்சோடு கத்தினேன்.

"தர்ஷினீ!"

குரல்கள் நின்றன. பத்து இல்லை, பதினொன்று இல்லை. தண்ணீர் சொட்டும் சத்தம்கூட இல்லை. இந்த உலகத்தில் நான் எங்கிருந்து கூப்பிட்டாலும் "என்னம்மா" என்று பதில் சொல்லும் பிள்ளை அவள். தூக்கத்தில் கூப்பிட்டால்கூடச் சொல்வாள். பதில் இல்லை.

மீண்டும் தகரம். மீண்டும், ஒன்றிலிருந்து. "ஒண்ணு, ரெண்டு…" எட்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நெஞ்சு அடித்துக்கொண்டதை எண்ணியிருந்தால் இருபது, முப்பது இருக்கும்.

"ஒம்பது." இப்போது சன்னமாக.

"தர்ஷினீ! அம்மா இங்க!"

மறுபடி அமைதி. பிறகு தகரம் தட்டுவது மட்டும், தூரம் போய்க்கொண்டே. நான் அந்தச் சத்தத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தேன். இரண்டாவது அடிக்குக் காலைத் தூக்கியபோது பின்னாலிருந்து ஒரு கை என் மேல்கையை இறுக்கிப் பிடித்தது.

"நில்லுங்க. காலக் கீழ வைக்காதீங்க. பின்னால வைங்க. பின்னால!"

மாலை 4.55

அவள் பெயர் லெச்சுமி. கொழுந்து பறிப்பவள், நாற்பது வயதிருக்கும். விறகு பொறுக்க வந்தவள் என் சத்தம் கேட்டு ரோடு வழியாக வந்திருந்தாள். இடுப்பில் ஒரு தகரக் கோப்பை கட்டியிருந்தாள். என் கையை விடாமல், பீலிவரை இழுத்துக்கொண்டே வந்து, பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"பேர் சொல்லிக் கத்துனது நீங்கதானே?"

"என் மகள்…"

"மகளையா கொல்லப் பாத்தீங்க?"

அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு அவள் குரல் இறங்கியது. மண் தடத்தில் ஏறிக்கொண்டே சொன்னாள். இந்த மலையில் பனி இறங்கினால் ஒருவரும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவளுடைய அம்மா காலத்திலிருந்தே அப்படித்தான். பனிக்குள் குரல் வருகிற திசையும் ஆள் நிற்கிற திசையும் ஒன்றாக இராது. பெயரைக் கேட்டால் கால் தானாகத் திரும்பிவிடும். அதனால் நின்ற இடத்தில் தகரத்தைத் தட்டி, தோட்டத்துப் பதிவில் உள்ள தங்கள் எண்ணைச் சொல்வார்கள். எண்ணைக் கேட்டு யாரும் ஓடிவர மாட்டார்கள். ஆள் இருக்கிறாள் என்று மட்டும் தெரியும்.

"எனக்கு நூத்துப் பதினாலு" என்றாள். "எங்க வேலைய மேப்பாக்குற தோட்டத்துக் கண்டக்டர் ஐயா எழுதுற நம்பர். பேருக்குப் பதில் சொல்லவே மாட்டோம். பேரச் சொல்லி எது கூப்பிட்டாலும் அது ஆளில்லன்னுதான் சின்னதுங்களுக்குச் சொல்லிக் குடுக்குறது. சொன்னாத்தானே பயந்து அடங்கும்."

"அந்த லயத்துல இருந்தவங்க?"

"நாங்கதான். மழையன்னிக்கு ராவே எறங்கிட்டோம். ஆளு ஒண்ணும் போகல. ஒரு மாடும் மாரியம்மன் கோயில் மணியும்தான் உள்ள கெடக்கு."

மாலை 5.30

பிள்ளைகள் தங்கியிருந்தது மேல்கணக்கின் பிள்ளைக் காம்பராவில். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் கட்டடம். எதிரே லெச்சுமியின் தகரக் கொட்டகை. அவளுடைய வாசலில் நின்றால் பிள்ளைக் காம்பராவின் ஜன்னல் தெரிந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

என் மகள் நடுவில் உட்கார்ந்து அவளைவிடச் சின்னப் பெண் ஒருத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கோணல். அவளுடைய பின்னலும் கோணல். அவளாகவே பின்னியிருக்க வேண்டும். கழுத்தில் ஒரு சணல் நூல். நூலின் நுனியில் நீல நிற பம்ப். புதியது.

தண்ணீர் எடுக்க வாளியோடு வெளியே வந்த சுகந்தி டீச்சர் என்னைப் பார்த்தார்.

"நீங்களா?"

"பம்ப்…" என்று கையை நீட்டினேன்.

"அது முடியப்போற பம்ப். தர்ஷினி அப்பா போன கெழமையே ஸ்கூலுக்கு வந்து புதுசு குடுத்துட்டுப் போனாரு. ஒங்ககிட்ட சொல்லலயா?"

சொல்லவில்லை. சொன்னால் நான் ஏழு கேள்வி கேட்பேன் என்று சொல்லாமல் இருந்திருப்பார். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியுமா?

டீச்சர் வாளியைக் கீழே வைத்தார். "மூணு வருசமா பிள்ளைங்களக் கூட்டிட்டு வர்றேன். இன்னைக்கு ஒம்பதாம் நம்பர் வரல்ல. நான் முன்னால நிக்கிறேன், ஒண்ணுமே தெரியல. அந்தக் கொஞ்ச நேரத்துல எனக்கு உசிரே போயிருச்சு. ஒங்களுக்குப் புரியுதா?"

"புரியுது."

"ஒங்களுக்குப் புரியல. நாளைக்குக் காலையில வெளிச்சத்துல பாருங்க, புரியும்." கொஞ்சம் நிதானித்துக்கொண்டு, "உள்ள வர்றதுன்னா வாங்க. நான் தடுக்க மாட்டேன். ஆனா ஒங்களப் பாத்தா மத்த பதினோரு பேரும் அவங்கவங்க அம்மாவக் கேட்டு அழுவாங்க" என்றார்.

"அவ பயந்திருக்காளா?"

"பயந்திருக்கா. 'அம்மா குரல்ல ஏதோ கூப்பிட்டுச்சு டீச்சர்'னு சொன்னா. கை சில்லுன்னு இருந்துச்சு. ஆனா அவ பதில் சொல்லல." பிறகு மெதுவாக, "நீங்கதான் முடிவெடுக்கணும்" என்றார்.

உள்ளே போய் அணைத்துக்கொண்டால் பயம் போய்விடும். போகாவிட்டால், அந்தக் குரல் ஒரு பேயுடையது என்று என் பிள்ளை ஓர் இரவு முழுக்க நம்பிக்கொண்டிருப்பாள். பேய் நான். வாசலுக்கும் அந்தக் கதவுக்கும் இடையில் இருபது அடி இருக்கும். நான் போகவில்லை. அது தாய் செய்யும் காரியமா என்று லெச்சுமியிடம் கேட்டேன். அவள் எனக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்துக் கொடுத்துவிட்டு, "தின்னுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 5.45

பிள்ளைகள் எழும் முன் லெச்சுமி என்னை ஆலைவரை கூட்டிவந்தாள். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. பீலிக்கு மேலே, தடம் திரும்பும் இடத்தில், நேற்று நான் போன ரோடு எதிர்ப்பக்கத்தில் முழுதாகத் தெரிந்தது. எட்டு வீடுகள். பிறகு ரோடு பிஸ்கட்டைக் கடித்ததுபோல முடிந்தது. அதற்குக் கீழே சிவப்பு மண், கண்ணுக்கு எட்டிய ஆழம்வரை. ஒரு கதவு நிலை மட்டும் மண்ணில் சாய்ந்து நின்றது. அதன் எண் படிக்க முடியவில்லை.

பிள்ளைகள் நேற்று நடந்த தடம் இந்தப் பக்கம். நான் நின்று கூப்பிட்ட ரோடு அந்தப் பக்கம். நடுவில் அந்தச் சரிவு. என் குரலுக்கு என் மகள் கீழ்ப்படிந்திருந்தால், நேராக என்னிடம் வந்திருந்தால், வந்து சேர்ந்திருக்க மாட்டாள்.

பஸ்ஸில் ஏறியதும் வாந்தி எடுத்தேன். நேற்றைய அதே கண்டக்டர் பையன் ஒன்றும் கேலி செய்யாமல் ஓர் எலுமிச்சங்காயைக் கொடுத்தான்.

மாலை 6.30

கேகாலை பஸ் நிலையத்தில், ஒன்றும் தெரியாதவள்போல, மற்றத் தாய்மாரோடு நின்று மகளை இறக்கிக்கொண்டேன். ரம்புக்கனை பஸ்ஸில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். ரொட்டி தீய்ந்தது, அட்டை கடித்தது, பம்பை ஒரே ஒரு தடவை தானாகவே அடித்துக்கொண்டது. பின்னேவல சந்தி தாண்டியதும் பேச்சு நின்றது.

"அம்மா, மலையில ஒண்ணு உங்க குரல்ல கூப்பிட்டுச்சு."

நேற்றிலிருந்து நான் ஒத்திகை பார்க்காமல் விட்டது இதற்கான பதில் ஒன்றைத்தான். பொய் சொல்லத்தான் நினைத்தேன்.

"அது நான்தான்டா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பம்ப், நான்கு பஸ், ரோடு, லெச்சுமி, ஜன்னல். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"மொதல் தடவையே நீங்கதான்னு தெரிஞ்சுச்சு" என்றாள். "ஓடி வந்துடலாம்னுதான் இருந்துச்சு. நம்பர் சொல்லவே வாய் வரல."

"தெரிஞ்சும் ஏன்டா பதில் சொல்லல?"

"எனக்குப் பின்னால மூணு பேரு. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. பன்னெண்டு ரொம்ப சின்னப் பிள்ளை. நான் திரும்பினா அதுங்களும் திரும்புங்களே." பிறகு, கொஞ்சம் யோசித்து, "ஆனா மூணாவது தடவை நீங்க கத்தல, மெதுவாக் கூப்பிட்டீங்க. கீழயிருந்து. அப்பத்தான் எனக்குப் பயமாயிருச்சு" என்றாள்.

நான் கூப்பிட்டது இரண்டு தடவை.

அவளிடம் அதைச் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொன்னேன். மொட்டைச் சரிவில் பட்டு என் குரல்தான் திரும்பி வந்திருக்கும், அந்த மலையில் அது சகஜம் என்றார். நானும் படித்தவள், ஏற்றுக்கொண்டேன். ஆனால் இரவில் சமையல் முடித்துவிட்டு உட்காரும்போது கூட்டிப் பார்க்கிறேன். எதிரொலி இல்லையென்றால் இரண்டு. எதிரொலி என்றால் நான்கு. மூன்று, எப்படிக் கூட்டினாலும் வரவில்லை.

ஏப்ரல்

வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று அதற்கு முன் கவனித்ததில்லை. பல் தேய்க்க, பால் குடிக்க, குடை எடுக்க, ஒன்றுக்கும் இல்லாமல் சும்மா. ரம்புக்கனையில் மேடும் பள்ளமும் தெரிகிற வெளிச்சம்; நான் எங்கிருந்து கூப்பிட்டாலும் அவள் என்னிடம் வந்து சேர்ந்துவிடலாம். அதனால் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். இப்போது குறைத்திருக்கிறேன். சில நாள் முடிகிறது, சில நாள் முடிவதில்லை. தலையை அவளே பின்னிக்கொள்கிறாள். இன்னும் கோணல்தான்.

ஏப்ரல் விடுமுறைக்குத் திரும்பவும் கையெழுத்துப் போட்டேன். புதிய பம்பை அவளே வாங்கிக்கொண்டு வந்து பையில் வைத்தாள். காலை 6.10, அதே பஸ் நிலையம். இருட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஜன்னல்களில் ஈரம் படிந்திருந்ததால் உள்ளே எந்த முகம் எவருடையது என்று தெரியவில்லை. அவள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, பஸ்ஸின் தகர உடம்பில் மூன்று தடவை தட்டினேன்.

உள்ளே சிரிப்பு கேட்டது. பிறகு வரிசையாகக் குரல்கள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு…"

காத்திருந்தேன். ஒன்பது வந்தது. அது என் மகளுடைய குரல் இல்லை. யாரோ ஒரு சின்னப் பெண்ணுடையது. எனக்குப் பக்கத்தில் நின்ற இளம் பெண் ஒருத்தி அந்தக் குரலைக் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பேரு இருக்கையில நம்பர் எதுக்குங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"மலையில வேணும்" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு நேரம் இல்லை. பத்து போயிருந்தது, பதினொன்று போயிருந்தது. பஸ் நகரத் தொடங்கியிருந்தது. வரிசையின் கடைசியில், எல்லோருக்கும் பின்னால் நின்று எல்லோரையும் எண்ணுகிறவளின் குரலில், இருமல் இல்லாமல், வந்தது.

"பன்னெண்டு."